புயல் வரும்போது சிதைந்த அணுவுலையில் என்ன நடக்கும்? – விவாத இழை

நாகர்கோவில் வாசகி

வணக்கம். 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கத்தாலும் ஆழிப்பேரலையாலும் சிதைந்த ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தை நோக்கிச் சூறாவளி நகர்கிறது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. மறுநாள் அதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. கூரை பறந்துபோன, உள்ளே எரிபொருள் உருகிக் கிடக்கிற ஒரு நிலையத்துக்குப் புயலால் நேரக்கூடிய தீங்கு எது? காற்றா, மழையா, கடலா, மின்தடையா? இதை யாரும் நிதானமாக விளக்கி நான் படித்ததில்லை. இந்தக் குழுவில் அணுமின் துறையில் பணியாற்றியவர்களும், மின்பணியாளர்களும், கடலில் தொழில் செய்பவர்களும் இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நமக்குத் தெற்கே கடந்தபோது என்ன ஆயிற்று என்பதை நாம் எல்லோரும் கண்ணால் கண்டவர்கள். கன்னியாகுமரியிலிருந்து கூடங்குளம் அணுமின் நிலையம் சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அது சிதைந்த நிலையம் அன்று என்பதை அறிவேன். அது வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் இங்கே பலமுறை நடந்துவிட்டது. அதை மறுபடி தொடங்காமல், விபத்தும் புயலும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் என்ன நேரும் என்பதை மட்டும் பேசுவோம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கோட்டாறு பொறியாளர்

அம்மா, உங்கள் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை வேண்டுமென்றால் தண்ணீர் என்பேன். அணுமின் நிலையங்களின் குளிர்விப்புப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த நிலையத்தின் 1, 3, 4 ஆகிய அலகுகளின் கட்டடங்கள் ஹைட்ரஜன் வெடிப்பில் கூரை இழந்தவை. விபத்து நடந்து மூன்று மாதம்கூட ஆகாத 2011 மே மாத இறுதியிலேயே சோங்டா என்ற சூறாவளி அந்தப் பக்கம் திரும்பியது. வெடித்துச் சிதறிய கதிரியக்கத் தூசி காற்றில் பறக்காமல் இருக்க ஒருவகைப் பிசினைத் தெளித்திருந்தார்கள். ஆனால் கட்டடங்களை மூடும் வேலை தொடங்கியிருக்கவில்லை. புயலுக்கு வேண்டிய ஆயத்தம் முழுமையாக இல்லை என்று நிலையத்தை நடத்தும் டெப்கோ நிறுவனமே வருத்தம் தெரிவிக்கும் நிலை ஏற்பட்டது. வந்து சேர்வதற்குள் சூறாவளி வலுவிழந்தது நல்லூழ். ஜூலையில் மா-ஆன் வந்தபோது மூன்றாம் அலகின் சுழலிக் கட்டடக் கூரையில் இருந்த ஓட்டைக்கு மேலே தற்காலிகமாக ஒரு மூடியை வைத்தார்கள். செப்டம்பர் 21 அன்று ரோக் நிலையத்தை ஒட்டியே கடந்து போனது.

மழை ஏன் இவ்வளவு பெரிய பகையாகிறது என்பதற்கு அந்தக் கட்டடங்களின் அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். உருகிய எரிபொருளின் மேல் ஊற்றப்படும் நீர், விரிசல்கள் வழியே இறங்கி அடித்தளத்தில் தேங்குகிறது. அது கடுமையான கதிரியக்கம் கொண்ட நீர். கட்டடத்துக்கு வெளியே மண்ணில் நிலத்தடி நீர் இருக்கிறது. வெளி நீரின் மட்டம் உள் நீரின் மட்டத்தைவிட எப்போதும் சற்று உயரமாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அப்படி இருந்தால் வெளியிலிருந்து உள்ளே கசியுமே தவிர, உள்ளே இருப்பது வெளியே போகாது. அந்த நிலையத்தின் முழுக் காவலும் இந்தச் சிறிய மட்ட வேறுபாட்டில்தான் நிற்கிறது. திறந்த கூரை வழியாக ஒரே இரவில் பெருமழை கொட்டி உள்மட்டம் ஏறினால், அல்லது பம்புகள் நின்றுபோனால், அந்த வேறுபாடு தலைகீழாகிவிடலாம். அதற்காகவே புயல் வரும் முன்பு அடித்தள நீரை இறைத்துக் குறைத்து இடம் உண்டாக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

இந்த உட்கசிவு தொடக்க ஆண்டுகளில் நாளொன்றுக்கு 400 டன் அளவுக்கு இருந்தது. அதைத் தடுக்க நான்கு அலகுகளையும் சுற்றி ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு, 30 மீட்டர் ஆழம் வரை குழாய்களை இறக்கி, உறைகுளிர் உப்புக்கரைசலை ஓடவிட்டு மண்ணையே உறைய வைத்தார்கள். 2016 மார்ச்சில் உறைய வைக்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அடுத்தடுத்து வந்த சூறாவளி மழையில் அந்தப் பனிச்சுவர் சில இடங்களில் இளகிவிட்டது. கட்டடத்தைச் சுற்றிய தரைக்குச் சாந்து பூசியதும், கூரைகளை அடைத்ததும், சுற்றிலும் கிணறு வெட்டி நீரை இறைத்ததும் சேர்ந்துதான் இன்று கசிவை 100 டன்னுக்கும் கீழே கொண்டுவந்திருக்கின்றன.

தூத்தூர் கடலோடி

கோட்டாறு ஐயா, விளக்கத்துக்கு நன்றி. உள்ளே இருக்கும் நீரை இறைத்து எங்கே வைத்தார்கள், புயலில் அந்த இடம் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். கடலில் தொழில் செய்கிறவனுக்கு முதலில் எழும் கேள்வி அதுதான்.

கோட்டாறு பொறியாளர்

தொட்டிகளில் வைத்தார்கள், தம்பி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புத் தொட்டிகள், பத்து லட்சம் டன்னுக்கும் அதிகமான நீர். பெரும்பகுதியைச் சுத்திகரிக்க முடிந்தது, ஆனால் டிரிடியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனைப் பிரிக்க இயலவில்லை. அந்த நீரை நன்றாக நீர்த்துப்போகச் செய்து 2023 ஆகஸ்ட் 24 முதல் சிறிது சிறிதாகக் கடலில் விடுகிறார்கள். அங்குள்ள மீனவர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள் என்பதும் நீங்கள் அறிந்ததே.

புயலோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது 2013-ஆம் ஆண்டை. அவசரத்தில் கட்டிய தொட்டிகள் பல, தகடுகளை மரையாணி போட்டு இறுக்கியவை. ஏதேனும் ஒழுகினால் பிடித்து நிறுத்த, தொட்டிக் கூட்டத்தைச் சுற்றி ஏறக்குறைய ஒரு முழ உயரத்துக்கும் குறைவான கான்கிரீட் வரப்பு கட்டியிருந்தார்கள். மழை பெய்தால் வரப்புக்குள் நீர் தேங்கும். தேங்கிய நீரில் ஒழுக்கு தெரியாது. ஆகவே மழைநீர் வடிவதற்கென்று வரப்பில் இருந்த வால்வுகளைத் திறந்தே வைத்திருந்தார்கள். அந்த ஆகஸ்டில் ஒரு தொட்டியிலிருந்து 300 டன் கதிரியக்க நீர் ஒழுகியபோது, அது திறந்திருந்த அதே வால்வுகள் வழியாக வெளியேறியது. மழைக்காகச் செய்த ஏற்பாடே கசிவுக்கு வழி விட்டது. செப்டம்பரில் மான்-யி சூறாவளி வந்தபோது வால்வுகள் மூடியிருந்தன. வரப்பு நிரம்பி வழியும் நிலை வந்ததால், அளந்து பார்த்துவிட்டு ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட மழைநீரைத் திறந்துவிட்டார்கள். அக்டோபரில் விஃபா கடந்த சில நாட்களுக்குள் பெய்த கனமழையில் பல இடங்களில் வரப்பைத் தாண்டியே நீர் வழிந்தது. அதற்குப் பிறகுதான் வரப்புகளை உயர்த்தினார்கள், மரையாணித் தொட்டிகளை அகற்றிப் பற்றவைத்த தொட்டிகளை வைத்தார்கள்.

குலசேகரம் தோட்டக்காரர்

அனைவருக்கும் வணக்கம். இவ்வளவையும் படிக்கும்போது, இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்கள் கூடங்குளத்துக்கும் இதே கதி என்று எண்ணிவிடுவார்களோ என்று கவலைப்படுகிறேன். ஃபுகுஷிமாவில் இருந்தவை 1970-களில் இயங்கத் தொடங்கிய கொதிநீர் உலைகள். கூடங்குளத்தில் இருப்பவை அதற்குப் பல பத்தாண்டுகள் பிற்பட்ட ரஷ்ய உலைகள். ஒக்கியில் எங்கள் பகுதியில் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக முறிந்து விழுந்தன, வாழை ஒன்று மிஞ்சவில்லை; ஆனால் அந்த நிலையத்துக்கு ஒரு குறையும் நேரவில்லை. அப்படியிருக்கச் சிதைந்த உலையையும் நல்ல உலையையும் ஒரே இழையில் வைத்துப் பேசுவது சரியா?

தக்கலை மின்பணியாளர்

தோட்டக்காரர் அண்ணாச்சியின் கேள்வி நியாயமானது. ஆனால் நல்ல உலை சிதைந்த உலையாக மாறுவதற்கு நடுவில் இருப்பது பெரும்பாலும் மின்சாரம் என்பதால், என் தொழில் சார்ந்த பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

ஃபுகுஷிமாவின் உலைகள் நிலநடுக்கத்தில் தாமாகவே நின்றன. வெளியிலிருந்து வரும் மின்கம்பிகள் அறுந்தன, டீசல் மின்னாக்கிகள் இயங்கின. ஏறக்குறைய ஐம்பது நிமிடத்தில் வந்த ஆழிப்பேரலை அடித்தளத்தில் இருந்த மின்னாக்கிகளையும் மின்பலகைகளையும் மூழ்கடித்தது. அதன் பிறகே உருகல். எனவே, புயலில் நான் முதலில் பார்ப்பது கோபுரம் சாய்ந்ததா என்பதைத்தான். ஒக்கிக்குப் பின் நாங்கள் செய்த வேலையை எண்ணிப் பார்க்கிறேன். கம்பத்தை நிமிர்த்துவதற்கு முன் அதன் மேல் கிடந்த மரத்தை அறுக்க வேண்டும். மரத்தை அறுக்கும் வாள் வந்து சேர்வதற்குச் சாலையில் கிடந்த மரங்களை அறுக்க வேண்டும். அறுத்து முடித்துக் கம்பியை இழுத்துக் கட்டி மின்னேற்றினால் அடுத்த வளைவில் இன்னொரு மரம் கம்பியில் தொங்கும். வெளி மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தும் உள்ளூர்ப் பகுதிகள் பலவற்றில் பல நாட்கள் இருட்டு நீடித்தது. ஓர் அணுமின் நிலையத்துக்கு வரும் உயரழுத்தக் கம்பிகள் இவற்றைவிடப் பல மடங்கு வலுவானவைதாம். ஆனாலும் 1992 ஆகஸ்ட் 24 அன்று அமெரிக்காவின் புளோரிடாவில் ஆண்ட்ரூ சூறாவளி டர்க்கி பாயிண்ட் நிலையத்தின் மேலேயே கடந்தபோது, அங்கே ஐந்து நாட்களுக்கும் மேலாக வெளி மின்சாரம் இல்லை. தொலைத்தொடர்பு அற்றுப்போனது, நிலையத்துக்குச் செல்லும் சாலையும் அடைபட்டது. காற்று வந்து சேருமுன்பே உலைகளை நிறுத்தியிருந்ததாலும், டீசல் மின்னாக்கிகள் இடைவிடாமல் ஓடியதாலும் அது விபத்தாக மாறவில்லை.

சிதைந்த நிலையத்தில் இந்த ஏற்பாடுகள் எந்த நிலையில் இருக்கும் என்பதற்கு ஒரு சான்று. 2013 மார்ச்சில் ஃபுகுஷிமாவில், பயன்படுத்தி முடித்த எரிபொருளை நீருக்குள் வைத்திருக்கும் குளங்களின் குளிர்விப்பு ஒரு நாளுக்கும் மேலாக நின்றுபோனது. காரணத்தைத் தேடியபோது, ஒரு லாரியின் மேல் வைத்திருந்த தற்காலிக மின்பலகைக்குள் எலி ஒன்று புகுந்து குறுக்குமின் உண்டாக்கிக் கருகிக் கிடந்தது. விபத்து நடந்து இரண்டு ஆண்டுகள் கழித்தும் அந்தப் பலகை லாரியின் மேலேயே இருந்தது. எலி நுழைகிற இடத்தில் மழைச்சாரல் நுழையாதா?

கோட்டாறு பொறியாளர்

தோட்டக்காரருக்கு என் விடையும் இதை ஒட்டியதே. கூடங்குளத்தின் உலைகளில் இரட்டைக் காப்புச் சுவரும், உருகிய எரிபொருளைத் தாங்கிப் பிடிக்கும் அடிக்கலமும், மின்சாரமே இல்லாத நிலையிலும் நீராவியைக் காற்றின் இயல்பான ஓட்டத்தால் குளிர்விக்கும் அமைப்பும் உள்ளன. டீசல் மின்னாக்கிகள் கடல்மட்டத்துக்கு 9 மீட்டருக்கும் மேலே வைக்கப்பட்டிருக்கின்றன. ஃபுகுஷிமாவில் இவற்றில் எதுவும் இப்படி இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கத்தில் கடல்நீர் பம்புக் கட்டடத்துக்குள் புகுந்தபோதும், இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. இவை உண்மைகள், மறைக்க வேண்டியதில்லை.

அதேபோல மறைக்கக் கூடாத வேறு உண்மைகளும் உள்ளன. 1994 ஜூனில் குஜராத்தின் காக்ராபாரில் பெருமழையில் சுழலிக் கட்டடத்துக்குள் வெள்ளம் புகுந்தது. 1999 டிசம்பர் 27 இரவில் பிரான்சின் பிளேயே நிலையத்தில், ஓதமும் புயற்காற்றும் சேர்ந்து கழிமுகத்து நீரைக் கரைக்கு மேல் தள்ளி, பாதுகாப்புப் பம்புகள் இருந்த அறைகள் வரை கொண்டுபோயின. வெள்ளத்தால் சாலையும் அடைபட்டுப் போனதால் வெளியிலிருந்து உடனே ஆள் போய்ச் சேர இயலவில்லை. இவை எல்லாம் நல்ல உலைகளே. கூடங்குளத்தில் இருப்பது போன்றே விவிஇஆர்-1000 என்ற ரஷ்ய வகையைச் சேர்ந்த ஆறு உலைகள் உக்ரைனின் சபோரிஷியாவில் இருக்கின்றன. போரினால் அந்த நிலையம் வெளி மின்சாரத்தைப் பலமுறை முற்றிலும் இழந்து டீசலை நம்பி நின்றது. 2023 ஜூனில் ககோவ்கா அணை உடைந்து, குளிர்விப்புக்கு நீர் எடுத்த நீர்த்தேக்கமே வற்றிப்போனது. நல்ல வடிவமைப்பு இருந்தும் சூழ்நிலை ஒரு நிலையத்தை எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் என்பதை இந்தப் பெயர்கள் காட்டுகின்றன. அதனால்தான் புயலை மட்டும் தனியே, விபத்தை மட்டும் தனியே கணக்கிடக் கூடாது என்கிறேன்.

மணவாளக்குறிச்சி ஆசிரியை

வணக்கம். இதுவரை நிலையத்தின் வேலிக்குள்ளே பேசினோம். வேலிக்கு வெளியே மழை என்ன செய்தது என்பதை நான் சேர்க்கிறேன், ஏனென்றால் மக்களுக்கு வந்த துன்பத்தின் பெரும்பகுதி அங்கே இருக்கிறது.

ஃபுகுஷிமாவில் முதல் சில நாட்களில் 20 கிலோமீட்டர் ஆரத்துக்குள் இருந்தவர்களை வெளியேற்றினார்கள். இட்டாட்டே என்ற மலைக்கிராமம் வடமேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அங்கிருந்தவர்கள் தப்பி வந்தவர்களுக்கு இடம் கொடுத்துச் சோறு போட்டவர்கள். மார்ச் 15 அன்று காற்று வடமேற்காகத் திரும்பியது, அந்தக் கிராமத்தின் மேல் மழையும் பனியும் பெய்தன, காற்றில் போய்க்கொண்டிருந்த சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் அவற்றோடு மண்ணில் இறங்கியது. அவர்களை வெளியேறச் சொன்னது ஏப்ரலில். காட்டிலும் வயலிலும் மேல்மண்ணைச் சுரண்டிக் கறுப்புப் பைகளில் கட்டி அடுக்கினார்கள். 2015 செப்டம்பரில் எட்டாவ் சூறாவளியின் வெள்ளம் அதே இட்டாட்டேயில் நூற்றுக்கணக்கான பைகளை ஆற்றில் அடித்துக்கொண்டு போனது. சில பைகள் வெறும் பையாகவே கிடைத்தன. 2019 அக்டோபரில் ஹகிபிஸ் வந்தபோது தமுரா நகரிலும் பைகள் ஆற்றில் போயின. காட்டை யாரும் முழுதாகச் சுத்தம் செய்ய இயலாது. ஒவ்வொரு பெருமழையும் அங்கிருந்து சிறிதளவு மண்ணைக் கீழே கொண்டுவருகிறது.

எங்கள் ஊர்க் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதால் இங்கே இயற்கையாகவே கதிர்வீச்சு கூடுதல் என்பதும், அதனால் நமக்குக் கதிர்வீச்சு புதிதில்லை என்று சிலர் சொல்வதும் உண்டு. அந்த மணலில் இருப்பது தோரியம். கனமான மணிகளுக்குள் அடைபட்டிருப்பது. உலையிலிருந்து வெளியேறும் சீசியமும் அயோடினும் ஸ்ட்ரான்சியமும் நீரிலும் பாலிலும் கீரையிலும் கலந்து உடலுக்குள் போகக்கூடியவை. இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது என்று என் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன்.

தூத்தூர் கடலோடி

டீச்சர் காற்றைப் பற்றிச் சொன்னதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். கூடங்குளம் கன்னியாகுமரிக்கு வடகிழக்கே இருக்கிறது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் மாதங்களில், அங்கிருந்து கிளம்புவது எதுவானாலும் நம்மை விட்டு விலகித் தூத்துக்குடிக் கடல் பக்கமாகப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்கிலிருந்து வரும்; அப்போது சின்னமுட்டமும் கன்னியாகுமரியும் மணக்குடியும் அதன் வழியில் நேராக இருக்கின்றன. நம் பக்கம் புயல் வருவதும் அதே மாதங்களில்தான். ஒக்கி போலக் குமரிக்குத் தெற்கே ஒரு புயல் கடந்தால், அதன் வடபுறத்தில் இருக்கும் நமக்குக் கிழக்கிலிருந்து காற்று அடிக்கும். அன்றும் அப்படியே அடித்தது. ஆகவே புயலும் விபத்தும் சேர்ந்து வருகிற நாளில், காற்று நமக்குச் சாதகமாக இருக்கும் என்று எண்ணியிருக்க இடமில்லை.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மின்பணியாளர் தம்பி சொன்ன அமெரிக்க நிலையத்தில், காற்று வருமுன்பே உலையை நிறுத்த அவர்களுக்கு நேரம் கிடைத்தது. அந்தச் சூறாவளி நெடுந்தொலைவில் உருவாகி நாட்கணக்கில் நகர்ந்து வந்தது. ஒக்கி அப்படி வரவில்லை. நம் வாசலிலேயே தாழ்வு மண்டலமாக இருந்து ஒரு நாளுக்குள் புயலாகிவிட்டது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை என்று எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து கடலிலேயே பல நாள் தங்கி மீன் பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போன படகுகள் அதற்குப் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்தன. எச்சரிக்கை கரையில் இருந்தவர்களுக்குச் சொல்லப்பட்டது, கடலில் இருந்தவர்களை எட்டவில்லை. போனவர்களில் பலர் இன்றுவரை திரும்பவில்லை. எங்கள் தெருவில் அவர்களுடைய படங்களுக்கு முன்னால் விளக்கு எரிகிறது. இதை நான் யாரையும் குறை கூறச் சொல்லவில்லை. நம் கடற்கரையில் ஒரு புயல் எவ்வளவு அவகாசம் கொடுக்கும் என்பதற்கு இதைவிட வேறு அளவுகோல் எனக்குத் தெரியாது.

குலசேகரம் தோட்டக்காரர்

கடலோடி அண்ணன் சொன்னதைப் படித்த பிறகு என் கேள்வியைத் திருத்தமாகக் கேட்கிறேன். ஃபுகுஷிமா போன்ற இடத்தில், பத்துப் பதினைந்து ஆண்டுகள் கடந்த பின்பும் ஆபத்து அதே அளவில்தான் இருக்கிறதா? காலம் அதைக் குறைக்கவில்லையா?

கோட்டாறு பொறியாளர்

வெப்பத்தைப் பொறுத்தவரை நன்றாகவே குறைத்திருக்கிறது. 2011-இல் குளிர்விப்பு சில மணி நேரம் நின்றால் பேரழிவு. 2019 மே மாதம் இரண்டாம் அலகில் சோதனைக்காக ஏறக்குறைய 8 மணி நேரம் நீர் ஊற்றுவதையே நிறுத்திப் பார்த்தார்கள். வெப்பநிலை மிகச் சிறிதளவே ஏறியது. நான்காம் அலகின் குளத்தில் இருந்த 1,535 எரிபொருள் கட்டுகளையும் 2014 டிசம்பரிலும், மூன்றாம் அலகின் குளத்தில் இருந்தவற்றை 2021 பிப்ரவரியிலும் எடுத்து முடித்துவிட்டார்கள். இவை பெரும் சாதனைகள். அந்த வேலைகளில் ஈடுபட்ட தொழிலாளர்களை நான் மனதாரப் போற்றுகிறேன்.

குறையாதது கட்டடங்களின் தளர்ச்சி. முதல் இரண்டு அலகுகளுக்குப் பொதுவாக 120 மீட்டர் உயரப் புகைபோக்கி ஒன்று இருந்தது. அதைத் தாங்கிய இரும்புச் சட்டங்களில் முறிவுகள் காணப்பட்டன. கதிர்வீச்சு மிகுந்த இடமாதலால் ஆள் ஏறிச் சரிசெய்யவும் வழியில்லை. அடுத்த பெருங்காற்றோ நிலநடுக்கமோ அதைச் சாய்த்துவிடுமோ என்ற அச்சத்துடனேயே பல ஆண்டுகள் கழிந்தன. 2019 ஆகஸ்டில் தொடங்கி 2020 மே மாதத்துக்குள், தொலைவிலிருந்து இயக்கும் கருவியால் மேலிருந்து வளையம் வளையமாக அறுத்து ஏறக்குறைய பாதி உயரத்துக்குக் கொண்டுவந்தார்கள். உருகி உறைந்த எரிபொருள் சுமார் 880 டன் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அதிலிருந்து முதன்முறையாக 2024 நவம்பரில் வெளியே எடுத்தது ஒரு கிராமுக்கும் குறைவு. முழுவதும் எடுத்து முடிக்கும் வரை அந்தக் கட்டடங்கள் நிற்க வேண்டும். அதுவரை ஒவ்வோர் ஆண்டும் புயல் வரும். ஆழிப்பேரலை தலைமுறைக்கு ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். புயல் அப்படி அன்று. சிதைந்த நிலையத்தைப் பற்றி எண்ணும்போது நான் அஞ்சுவது அந்த நீண்ட காலத்தைத்தான்.

நாகர்கோவில் வாசகி

அனைவருக்கும் நன்றி. என் கேள்விக்கு நான் எதிர்பார்த்ததைவிட மிகுதியாகவே விடை கிடைத்துவிட்டது. இதை வெறும் பேச்சாக விட எனக்கு மனமில்லை. மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதலாம் என்று எண்ணுகிறேன்.

நம் நாட்டில் அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் ஆரத்தை அவசரகாலத் திட்டப் பகுதியாக நெடுங்காலமாகக் கொண்டிருக்கிறார்கள். அஞ்சுகிராமம் பக்கம் அந்த எல்லையை ஒட்டியே வருகிறது. கன்னியாகுமரி எல்லைக்கு வெளியே. இட்டாட்டேயை நினைத்தால் அந்தக் கோடு காற்றையும் மழையையும் கட்டுப்படுத்தாது. ஒத்திகைகளில் சாலைகள் திறந்திருக்கின்றன, தொலைபேசி வேலை செய்கிறது, பேருந்து வந்து நிற்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது தென் மாவட்டங்களில் சாலையும் ரயில் பாதையும் அறுந்து, ரயிலில் இருந்தவர்கள் ஸ்ரீவைகுண்டத்திலேயே சிக்கிக்கொண்டார்கள். அப்படியொரு நாளில் மக்களை வெளியேற்றுவது எப்படி, வெளியேற்ற இயலாவிட்டால் வீட்டுக்குள் எவ்வாறு காப்பது, கதிரியக்க அயோடினிலிருந்து தைராய்டைக் காக்கும் அயோடின் மாத்திரை எந்த ஊரில் யாரிடம் இருக்கும் என்பவற்றை ஒத்திகை பார்க்க வேண்டும் என்று கேட்போம். புயல் தங்குமிடங்களின் சன்னல்களும் கதவுகளும் காற்றுப் புகாமல் அடைபடக்கூடியவையா என்றும் கேட்க வேண்டும். ஏனென்றால் மக்கள் போய்ச் சேரப்போவது அங்கேதான்.

மணவாளக்குறிச்சி ஆசிரியை

நல்ல முயற்சி. முதியோரையும் படுக்கையில் இருப்பவர்களையும் தனியாகக் குறிப்பிடுங்கள். ஃபுகுஷிமாவில் நிலையத்துக்கு அருகிலிருந்த மருத்துவமனையிலிருந்து நோயாளிகளை அவசரமாகப் பேருந்தில் ஏற்றிப் பல மணி நேரம் அலைக்கழித்ததில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது கதிர்வீச்சு அன்று, ஆயத்தமில்லாத வெளியேற்றம். நம் ஊர்களில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க முதியோர் மட்டும் தனித்திருக்கும் வீடுகள் ஏராளம். அவற்றின் பட்டியல் ஒவ்வொரு ஊராட்சியிலும் இருக்க வேண்டும்.

தூத்தூர் கடலோடி

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கரையில் இருப்பவர்களுக்குக் கதவை மூடிக்கொள்ளச் சொல்லலாம்; கடலில் இருப்பவனுக்கு மூட எந்தக் கதவும் இல்லை. புயல் என்றால் அருகில் உள்ள துறைமுகத்துக்கு வா என்று அழைக்கிறார்கள். அதே நேரத்தில் கூடங்குளத்தில் ஏதேனும் நேர்ந்தால், சின்னமுட்டத்துக்கு வருவது சரியா, குளச்சலுக்கா, தேங்காப்பட்டணத்துக்கா, அல்லது மேற்கே கேரளக் கரைக்கே போய்விட வேண்டுமா? இதை முடிவு செய்து படகுக்குச் சொல்ல வேண்டியவர் யார், எந்தக் கருவி வழியாகச் சொல்வார்? கரையிலிருந்து நூறு கடல்மைலுக்கு அப்பால் கைப்பேசி ஒலிக்காது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவி எல்லாப் படகிலும் இருந்தால்தான் இந்தக் கேள்விக்கே பொருள் உண்டு.

நாகர்கோவில் வாசகி

கடலோடி அண்ணன் கேட்டதை அவர் எழுதியபடியே மனுவின் முதல் பத்தியாக வைக்கிறேன். மின்பணியாளர் தம்பி, புயல் நாட்களில் மருத்துவமனைகளுக்கும் தங்குமிடங்களுக்கும் எத்தனை நாளுக்கு டீசல் இருப்பு வேண்டும், அது எங்கே வைக்கப்பட வேண்டும் என்ற பகுதியை நீங்கள் எழுதித் தாருங்கள். கோட்டாறு ஐயா படித்துப் பார்த்துத் திருத்திய பிறகு, கையொப்பத்துக்காக வரைவை இந்த இழையிலேயே பதிவிடுகிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் கொடுத்தாக வேண்டும்.